கிசில்-பெல்லைத் தாண்ட ஒரு வண்டி

தெரெக்-சாய்,
14 செப்டம்பர் 2006

அன்புத் தம்பி குபாத்துக்கு அக்கா பெர்மெத் எழுதுவது.

ஆளும் சுகம், ஆடுமாடும் சுகம். உன் அத்தான் மந்தையை ஓட்டிக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்குக் கிளம்பிவிட்டார். இனி மார்ச்சில்தான் வீடு திரும்புவார். பிள்ளைகள் சுகம். அப்பா சுகம். காலையில் நான்கு கிண்ணம் தேநீர் குடித்து நான்கிலும் பால் குறைவு என்கிறார். அவருடைய சாம்பல் குதிரை சினையாக இருக்கிறது. கெரிம் மாமாவும் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? பிஷ்கேக் புகையில் நிற்காதே என்றால் கேட்கிற ஆளா நீ?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு வண்டி வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. வாரத்தில் நான்கு நாள் கிசில்-பெல் கணவாயைத் தாண்டி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். போன குளிரில் அப்பாவின் மஞ்சள் ஜிகுலி கார் ஒரே வளைவில் மூன்று தடவை சுற்றி நின்றது. மூன்றாம் தடவை பின்சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் ஓடியது. அன்றைக்கு ஒருத்தி பிரசவ வலியில் என்னை எதிர்பார்த்துக் கிடந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை தானே பிறந்துவிட்டது, நல்லபடியாக. அடுத்ததும் அப்படியே பிறக்கும் என்று யார் எனக்கு எழுதிக் கொடுப்பார்கள்?

வண்டி பழையதாக இருக்கட்டும், நம்பகமானதாக இருக்க வேண்டும். உனக்கு எழுதும்போது ‘நம்பகம்’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஒளிக்காமல் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் நீ கெரிம் மாமாவுக்கு விற்ற வண்டி இதே கணவாயில் பனியில் சிக்கியது. குளிரில் விறைத்து அவர் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அப்பா உன்னை வாசல் மிதிக்காதே என்றார். வண்டியில் குறை இருந்தது தெரியாது என்று நீ சொன்னாய், நான் நம்பினேன். கெரிம் மாமா இன்றைக்கும், “வண்டி தங்கமான வண்டி. எனக்குத்தான் பனியில ஓட்டத் தெரியல” என்கிறார். அன்றிலிருந்து அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை; எங்கே போனாலும் குதிரைதான். அப்பா மட்டும் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

அப்பா முப்பத்தோரு வருடம் அந்தக் கணவாயில் பனி வாரும் வண்டி ஓட்டிய மனுஷர். அவருக்கு இந்தக் கடிதம் தெரியாது. ஊரில் டெலிபோன் கம்பி காற்றில் விழுந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி போனில் வீட்டுக்கதை பேசினால் பெரிய டாக்டர் முகம் சுளிக்கிறார். பதிலை ஷெய்ஷெனின் மினிபஸ்ஸில் கொடுத்தனுப்பு.

வயிறு காயாமல் வேளைக்குச் சாப்பிடு.
அக்கா பெர்மெத்


பிஷ்கேக்,
21 செப்டம்பர்

மரியாதைக்குரிய அக்காவுக்குக் குபாத் எழுதுவது.

உங்கள் எல்லோருக்கும் சுகம் உண்டாகட்டும். இருமல் போய்விட்டது. அது காலி செய்த இடத்தில் சளி குடிவந்திருக்கிறது.

வண்டி வேண்டும் என்று என்னிடம் கேட்டீர்களே, அதற்கே உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஆயிரம் வண்டி நிற்கும். முந்நூறில் ‘நான்கு சக்கர இழுவை’ என்று பின்னால் எழுத்து ஒட்டியிருக்கும். எழுத்தா மலை ஏறப்போகிறது? தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதை அடிவயிறு வரை பார்க்க வேண்டும். நான் பார்க்கிறேன்.

சில விவரம் வேண்டும். அந்த வளைவில் பனி எவ்வளவு ஆழம் கிடக்கும்? பின்னால் யாரையாவது படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டியிருக்குமா? ஜப்பான் வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும், பரவாயில்லையா? முன்னால் போகிறவனை முந்தும்போது கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கிசில்-பெல்லில் நீங்கள் யாரை முந்தப் போகிறீர்கள்?

அப்பா சுகம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

பிள்ளைகளுக்கு மிட்டாய் அனுப்பியிருக்கிறேன். ஷெய்ஷென் வழியில் எண்ணிக்கையைக் குறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி குபாத்


தெரெக்-சாய்,
5 அக்டோபர்

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம், அப்பாவும் சுகம். மிட்டாய் எட்டு வந்தது. நீ எத்தனை அனுப்பினாய்?

வளைவில் பனி முழங்கால் வரை. சில நாள் பிரசவக்காரியைப் பின்னால் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, சக்கரம் நாலும் தரையில் இருந்தால் போதும்.

நான் ஒரு தந்திரம் செய்தேன். ஆஸ்பத்திரியில் யாரோ வாங்குகிறார்கள், என்ன பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். “எந்தக் கழுதை இந்தச் சமயத்துல வண்டி வாங்குது?” என்று ஆரம்பித்தவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நாலு டயரும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கணும். ஒண்ணு புதுசு மூணு பழசுன்னா வேண்டாம்னு சொல்லு. காஞ்ச தரையில ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடச் சொல்லு. வண்டி நொண்டினா உள்ள இறுகிப்போச்சுன்னு அர்த்தம். எல்லாத்துக்கும் முன்னால அடியில படுத்துப் பாக்கச் சொல்லு. முன்னாலருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தண்டு போகும். அது இருக்கா இல்லையான்னு கையால தொட்டுப் பாக்கணும். ரிப்பேருக்குப் பயந்து அதக் கழட்டி வீசிட்டு, பின்னால எழுத்த மட்டும் வெச்சு விக்கிறானுங்க. கீழ தரையில நல்லாத்தான் ஓடும். மேல போனாத்தான் சாயம் வெளுக்கும்.”

சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதைக் காலையிலேயே காட்டியாகிவிட்டது. கெரிம் மாமா இடது கையாலேயே சேணம் கட்டப் பழகிவிட்டார், உன்னை விசாரித்தார்.

சீக்கிரம் எழுது.
அக்கா


பிஷ்கேக்,
27 அக்டோபர்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலமா? தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம். சளி வேறு. ஷெய்ஷென் இரண்டு தடவை வந்து கேட்டான், இரண்டு தடவையும் கடிதம் முடியவில்லை என்று அனுப்பிவிட்டேன்.

இதுவரை பதினான்கு வண்டி பார்த்தேன். ஒன்றில் டயர் நாலும் நாலு விதம். ஒன்று வட்டம் போடும்போது முடம்பட்ட ஒட்டகம் போல விந்தி விந்தி நடந்தது. இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது. சொந்தக்காரன் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தான். கேட்காமலே சத்தியம் செய்கிறவனிடம் வாங்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பதினான்கிலும் அடியில் படுத்துத் தண்டைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டில் அது இல்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். அப்பா அதை யாருக்கு என்று தெரிந்துகொண்டுதான் சொன்னாரா?

குளிருக்கு முன் கிடைத்துவிடும், கவலை வேண்டாம்.
குபாத்


தெரெக்-சாய்,
12 நவம்பர்

அன்புத் தம்பிக்கு,

பிள்ளைகள் சுகம், ஆடுமாடு சுகம், கெரிம் மாமா சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. எட்டு நாள் தொடர்ந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கும்படி ஆயிற்று, அதனால் பதில் தாமதம். திரும்பி வரும்போது ஜிகுலியை நான் ஓட்டினேனா, அது என்னை ஓட்டியதா என்று தெரியாது.

வண்டி அவசரம். முன்னைவிட அவசரம். அதிகம் எழுத நேரமில்லை.

அக்கா


பிஷ்கேக்,
25 நவம்பர்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஊரில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். வண்டி கிடைத்துவிட்டது!

சுபாரு. தொண்ணூற்றெட்டாம் வருடத்தது, பச்சை நிறம். சந்தையில் இல்லை, ஒரு வீட்டில். கலீனா பெத்ரோவ்னா என்று ஒரு ரஷ்ய அம்மா, பனிச்சறுக்குப் பயிற்சியாளர். ஏழு குளிர்காலம் தினமும் நகரத்திலிருந்து மலைமேல் பனிச்சரிவு வரை அந்த வண்டியில்தான் போய் வந்திருக்கிறார். இப்போது மகளோடு இருக்க ஓம்ஸ்க் போகிறார். கதவைத் திறந்ததும் என் கையைப் பார்த்தார்.

“நகத்துல அழுக்கப் பாத்தாலே யாவாரின்னு தெரியுது. யாவாரிக்கு விக்கிறதில்ல, போ.”

“எனக்கில்லம்மா, எங்க அக்காவுக்கு. கணவாய் தாண்டிப் போய்ப் பிரசவம் பாக்கிறாங்க.”

“அத முதல்லயே சொல்றதுக்கென்ன? கொழுப்பு.”

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார். உறைந்த வாய்க்காலில் முன்சக்கரம் இரண்டையும் இறக்கி நிறுத்தச் செய்தார். முன்சக்கரம் வழுக்கியது, பின்சக்கரம் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. வட்டம் போட்டேன், நொண்டவில்லை. அடியில் படுத்தேன். தண்டு இருக்கிறது அக்கா, தொட்டேன், கை முழுக்கக் கரி.

குறைகளையும் கேளுங்கள். பின் ஜன்னல் ஒன்று இறங்காது. காலையில் கிளப்பினால் ஐந்து நிமிடம் என்ஜின் லொடலொடக்கும், சூடானால் அடங்கிவிடும். முன் இருக்கையை நாய் கடித்திருக்கிறது. எதையும் நான் மறைக்கவில்லை.

அந்த அம்மா டிசம்பர் கடைசியில்தான் கிளம்புகிறார், அதுவரை வண்டி அவருக்கு வேண்டும். ஒரு நிபந்தனையும் போட்டார்: கணவாய் தாண்டியதும் வண்டி எப்படி ஏறியது என்று அவருக்கு எழுத வேண்டுமாம்.

போன கடிதத்தில் அப்பாவைக் காணோம். விட்டுப்போயிற்றா?

குபாத்


தெரெக்-சாய்,
20 டிசம்பர்

அன்புத் தம்பிக்கு,

பிள்ளைகள் சுகம், ஆடுமாடு சுகம், கெரிம் மாமா சுகம். கணவாய் மூடிக் கிடந்ததால் ஷெய்ஷென் மூன்று வாரம் ஓடவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. குறை சொல்லி நீ ஒரு வண்டி விற்பது இதுதான் முதல் தடவை. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

நீ கேட்டதற்குக் கடிதத்தில் பதில் எழுத முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். பொய் எழுதவும் எனக்கு வராது. நீயே வண்டியை ஓட்டிக்கொண்டு வா, வேறு ஆளிடம் அனுப்பாதே. ஜனவரி எட்டாம் தேதி இங்கே இருக்க வேண்டும். வாசலில் உன்னைத் தடுக்க இப்போது யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

கனமான கோட்டு போட்டுக்கொண்டு வா.
அக்கா


பிஷ்கேக்,
6 ஜனவரி 2007

அக்காவுக்கு,

கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நீங்கள் எழுதாததைப் படித்துவிட்டேன்.

நம்மவர்கள் சாவைக் கடிதத்தில் எழுதமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் பட்டாளத்தில் இருந்தபோது, ‘குதிரை குட்டி போட்டிருக்கிறது, வந்து பார்’ என்று எழுதினீர்கள். குட்டிக்கு மணி வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஷெய்ஷெனிடம் அப்பா எப்படி என்று கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு, “நான் என்னத்தச் சொல்ல, அக்காவே சொல்வாங்க” என்றான். கடிதத்துக்குக் கூலியும் வாங்க மறுத்துவிட்டான். பெற்ற தாயிடமே கட்டணம் வாங்குகிறவன் அவன். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

நாளை மறுநாள் கிளம்புகிறேன். நான் வந்து கேட்கும்போது சொல்லுங்கள்.

குபாத்


பிஷ்கேக்,
16 ஜனவரி

மதிப்புக்குரிய கலீனா பெத்ரோவ்னா அம்மாவுக்கு,

ஓம்ஸ்க் குளிர் உங்கள் முழங்காலை என்ன செய்கிறது? மகளும் பேரப்பிள்ளைகளும் நலமா? வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன். நீங்கள் கேட்டது வண்டி எப்படி ஏறியது என்று மட்டும்தான். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை, யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கணவாய் அடிவாரத்தில் எங்கள் ஊர் மினிபஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஷெய்ஷென் பனிக்காகச் சக்கரத்தில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் பையில் நான் அக்காவுக்கு எழுதிய கடிதம் இருந்தது. நான் நிற்காமல் ஏறினேன். அந்த வளைவில் பனி முழங்காலுக்கு மேல். இரண்டாம் கியரில் போட்டுக் காலை ஒரே அளவில் வைத்தேன், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே. வண்டி ஒரு தடவை தலையை ஆட்டியது, பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டது. அதற்குச் சந்தோஷப்படும் நிலையில் நான் இல்லை. என் அப்பா இறந்துவிட்டார் என்று நம்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் திரும்பினால் எங்கள் முற்றத்தில் கூட்டம். பெரிய கொப்பரையின் அடியில் நெருப்பு, ஒருத்தர் கையில் கத்தி, பக்கத்தில் உரித்த ஆடு. உடலைக் கிடத்துகிற துக்கக் கூடாரத்தைக் காணோம், புதைத்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். அப்பா இறந்த வீட்டுக்கு வருகிற மகன் தெருவிலிருந்தே வாய்விட்டுக் கதறிக்கொண்டு போக வேண்டும் அம்மா, எங்கள் வழக்கம் அது. சும்மா போனால் அவன் மகனே இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கினேன். முறைப்படி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கதறினேன்.

“என் பெரிய மலையே! என் அப்பாவே! சாஞ்சுட்டீங்களே! முகத்தக் கூடக் காட்டாம போயிட்டீங்களே!”

வழக்கம் அதோடு முடிகிறது. எனக்கு முடியவில்லை. நான்கு வருடமாகத் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்துவிட்டது.

“தண்டு இல்லன்னு தெரிஞ்சேதான் வித்தேன் அப்பா! கழட்டினவன் எங்கிட்ட சொன்னான். கெரிம் மாமா ஊருக்குள்ள தானே ஓட்டப் போறார்னு வாய மூடிக்கிட்டேன். அவர் விரல் போனப்போ தெரியாதுன்னு உங்க முகத்தப் பாத்துப் பொய் சொன்னேன். இப்போ யார்கிட்ட நான் மன்னிப்புக் கேப்பேன்?”

 கத்தி வைத்திருந்தவர் கத்தியோடு நின்றார். அக்கா மாவுக் கையோடு வெளியே ஓடிவந்து என்னை விநோதமாகப் பார்த்தாள். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யார்ரா அது செத்தது?”

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? 

“நீங்கதான்ப்பா” என்றேன்.

“எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.”

அக்டோபர் கடைசியில் வைக்கோல் போரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருக்கிறார். தொடைவரை மாவுக்கட்டு. எனக்கு எழுதக் கூடாது என்று அக்காவிடமும் ஷெய்ஷெனிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். பரிதாபப்பட்டு வருகிற மகன் தனக்கு வேண்டாமாம். கட்டைப் பிரிக்க ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஜிகுலியால் முடியாது, அதற்குத்தான் அக்கா அவசரப்படுத்தியது. முற்றத்தில் இருந்த ஆடு புதிய வண்டிக்கான பலி, சக்கரத்தில் இரத்தம் தடவ. நான் வருவதை அக்கா சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மறுநாள் காலையில் அவரே அந்த ஆட்டைக் காட்டினாராம். அதையும் எழுதக் கூடாது என்று உத்தரவு.

இவ்வளவு நேரமும் கெரிம் மாமா கொப்பரைப் பக்கத்தில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை அடித்தால் நின்று வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

“அப்போ,” என்றார் மெதுவாக, “எனக்கு ஓட்டத் தெரியும்.”

“தெரியும் மாமா. அந்த வண்டியில யார் போயிருந்தாலும் அங்கதான் நின்னிருப்பாங்க.”

அவர் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. பிறகு எழுந்து ஜன்னலிடம் போனார்.

“அசனாலி, நீதானே அந்த வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்தே. அடியில பாக்கலியா நீ?”

 “பாத்தேன்” என்றார் அப்பா. “அன்னைக்கே பாத்தேன். எம்மகனாச்சே. உங்கிட்ட சொல்ல வாய் வரல.”

“அட பாவி. நாலு வருஷமா என்ன உக்கார வெச்சு, பனியில எப்படி ஓட்டணும்னு பாடம் நடத்தினியேடா. நானும் தலையத் தலைய ஆட்டினேனே.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. முற்றமே சிரித்தது. நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன், ஆறுதலால். மாமா என் பிடரியில் ஓங்கி ஒரு அறை விட்டார். அது வலித்தது, எனக்கு அது தேவையாகவும் இருந்தது. பிறகு மூன்று விரல் கையை நீட்டினார்.

“சாவியக் குடு.”

அதுதான் அவர் போட்ட தண்டனை. மறுநாள் காலை சக்கரத்தில் இரத்தக் கறையோடு கிசில்-பெல்லுக்கு வண்டியை ஓட்டியவர் அவர். நானும் அக்காவும் பின்னால். அப்பா இடப்பக்கம், காலை நீட்டிக்கொண்டு, இல்லாத பிரேக்கை நல்ல காலால் மிதித்துக்கொண்டே வந்தார். வளைவு வந்ததும், “கெரிம், இங்க மெதுவா...” என்று ஆரம்பித்தார்.

“வாய மூடு, அசனாலி. எனக்கு ஓட்டத் தெரியும்.”

அப்பா வாயை மூடிக்கொண்டார். வண்டி ஒரு சாண் கூட வழுக்கவில்லை அம்மா. இதைத்தான் நீங்கள் எழுதச் சொன்னீர்கள். மூன்று நாள் கழித்து நான் மினிபஸ்ஸில் திரும்பினேன். ஷெய்ஷென் இந்தத் தடவை முழுக் கட்டணம் வாங்கிவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் கடித்த இருக்கைக்கு அக்கா ஆட்டுத்தோல் போர்த்திவிட்டாள்.

நன்றியுள்ள
குபாத்


தெரெக்-சாய்,
18 மார்ச் 2007

குபாத்துக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். கால் சுகம், குளிர் நாளில் மட்டும் முனகும். உன் அத்தான் மந்தையோடு வந்து சேர்ந்தார். வண்டி வந்த பிறகு பெர்மெத் ஒரு நாள் கூட வேலைக்குத் தவறவில்லை. பிப்ரவரியில் ஒரு பிள்ளை வளைவுக்கு இந்தப் பக்கமே அவசரப்பட்டுப் பின் இருக்கையில் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கெரிம் வாரத்துக்கு இரண்டு தடவை ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு போகிறான். ஸ்டீயரிங் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொன்னால், வலது கையை வைத்துக்கொள்ள அங்கேதான் வசதி என்கிறான்.

நீ பொய் சொன்னாய் என்று உன்னைத் துரத்தினேன். துரத்திவிட்டு, தெரிந்ததைச் சொல்லாமல் கெரிமோடு தினமும் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். நம் இரண்டு பேரில் எவன் மோசம் என்று நாற்பது நாள் யோசித்தேன். விட்டுவிட்டேன். கெரிமும் விடச் சொல்கிறான்.

உன் அழுகையை ஜன்னல் வழியாக முழுக்கக் கேட்டேன். நல்ல குரல். எத்தனை பேருக்கு அது கேட்கக் கிடைக்கும்? நான் உண்மையாகவே போகிற அன்றைக்கு நீ அழாமல் வந்தாலும் எனக்குக் குறையில்லை.

சாம்பல் குதிரை நேற்றுக் காலை குட்டி போட்டது. ஆண் குட்டி, நெற்றியில் வெள்ளை. சத்தியமாகக் குட்டிதான். வந்து பார்.

அப்பா
அசனாலி